நங்கூரத் தெருவுக்கு வந்த பித்தளைக் கை

எங்கள் நங்கூரத் தெரு ஒரு விளையாட்டுக்குள் போய்விட்டது என்பதைத் தெருவில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான், ஏனென்றால் பால் கொடுக்கும் நேரமெல்லாம் எனக்குப் போனைத் தவிர வேறு துணை இல்லை, என் வீட்டுக்காரர் கிளிட்டஸ் சரக்குக் கப்பலில் பெயர் தெரியாத ஏதோ ஒரு கடலில் இருந்தார், மாமி முன்னறையில் ஜெபமாலையும் கையுமாக இருந்தார், நானோ கைக்குழந்தை ரெமியை மடியில் போட்டுக்கொண்டு, கனடாவில் இருக்கும் சேந்தன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆடிக் காட்டும் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரவு, எங்களுக்குக் காலை. பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகத்தான் பேசுவார். அந்தக் குரல் கேட்டால் ரெமி அழுகையை நிறுத்துவான், அதனால்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்தது நீராவியால் இயங்கும் ஓர் உலகத்தின் கதை. பனிக்கட்டிக்குள் இறுகி நின்றுவிட்ட ஒரு பித்தளைக் கப்பலைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான், சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. திரையில் ஒரு பித்தளைக் கை மிதக்கும், சேந்தன் மௌஸை நகர்த்தினால் அது நகரும், வெறுமனே பார்க்கிற பொருள் மேல் போனால் மூடியே இருக்கும், எடுக்கக்கூடிய பொருள் மேல் போனால் விரல் விரலாக விரியும். அடுத்தவர் பொருள் வேண்டுமென்றால் முதலில் அவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும், அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டால்தான் கை விரியும், வாங்க மறுத்தால் விரியாது. எடுத்ததையெல்லாம் ஒரு தோல்பையில் போட்டுக்கொண்டுபோய்க் கப்பலில் எங்காவது பொருத்திப் பார்க்க வேண்டும். சேந்தன் பொருத்திப் பார்க்கப் பார்க்க, பினாங்கிலும் மதுரையிலும் துபாயிலும் பாரிஸிலும் உட்கார்ந்திருப்பவர்கள் திரையோரத்தில் எழுதிக்கொண்டே இருப்பார்கள், அதை எடு, இதைத் திருப்பு, அங்கே விட்டுட்டீங்க ப்ரோ, பின்னாடி போங்க என்று.

அன்றைக்குச் சேந்தன் அந்த விளையாட்டில் இருந்த கலங்கரை விளக்கின் இரும்புக் கதவைத் திறந்து வெளியே வந்தார், வந்த இடத்தில் எங்கள் தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபி இருந்தது, அதற்கு அப்பால் லோரன்சு மாமாவின் மக்ரூன் பேக்கரி இருந்தது, சாக்கடையின் உடைந்த ஸ்லாப் இருந்தது, நீலக் கதவுக்கு முன்னால் என் பக்கத்து வீட்டுப் பெர்ப்பெத்து அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதென்னப்பா இது, நல்ல வடிவான இடமாய் இருக்கு" என்றார் சேந்தன். "முந்தி ஆடேக்க இதை நான் பாக்கேல்லை."

நான் ஜன்னலைப் பார்த்தேன். கரண்ட் கம்பி உயரத்தில் பித்தளைக் கை மிதந்துகொண்டிருந்தது, முறம் அளவுக்கு இருந்தது, மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பெர்ப்பெத்து அக்கா அண்ணாந்து பார்த்து, "ஏட்டி ஜெசிந்தா, உன் துணியையும் எடுத்துரு, இந்த ஆவியில ஈரமாயிரும்" என்றாள்.

இப்படித்தான் அது வந்தது. எதற்கு வந்தது, எப்படி வந்தது என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை, பார்க்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் சேந்தனின் சேனலில் சேர்ந்துவிட்டது. கிராபிக்ஸ் வேற லெவல் என்று ஒருவர் எழுதியிருந்ததைக் காட்டி, போன மாதம்தான் சுவருக்கு வெள்ளையடித்தேன் என்று லோரன்சு மாமா பெருமைப்பட்டார். நீலக் கதவு ஆன்ட்டிக்கு யார் வாய்ஸ் குடுத்தது, செம என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அன்றிலிருந்து பெர்ப்பெத்து அக்கா மீன்காரியிடம்கூட நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். அந்த உடைஞ்ச ஸ்லாப்புக்கு அடியில கண்டிப்பா ஏதோ இருக்கு என்று நத்தை என்ற பெயரில் ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார், வெளியூர்க்காரர் இவ்வளவு சொல்லும்போது பார்க்காமல் இருப்பது மரியாதையில்லை என்று ஆண்கள் கூடி அதைத் தூக்கினார்கள், அடியில் அடைத்துக்கிடந்த சேற்றையெல்லாம் அள்ளினார்கள், பல வருஷமாக மழைக்கு மழை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த தண்ணீர் அதோடு நின்றது. ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, பூசை நேரத்தில் மட்டும் அது கோயில் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சேந்தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் கை கெபிக்கு மேலே அசையாமல் தொங்கும், காக்கைகள் அதன்மேல் உட்காரும், மறுநாள் அவர் வந்ததும் பறந்துவிடும்.

கை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து வைக்கும். லோரன்சு மாமாவின் டப்பாவில் ஒரு பித்தளைச் சேவல் இருந்தது, அதை அவர் எடுத்து ஷோகேஸ் மேல் வைத்ததும் கை விரிந்து, உள்ளே போய், முட்டை அடிக்கிற பழைய மெஷினின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனது. பெர்ப்பெத்து அக்காவுக்கு ஒரு சின்ன செம்புக் கெண்டி வந்தது, அவள் வீட்டு ஓடாத கடிகாரத்தின் பெண்டுலம் போனது. போனதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை, ஆனால் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்கள் தெருவில் கிடையாது, புட்டு வந்த கிண்ணத்தில் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம், அதனால் எல்லாரும் டப்பாவில் ஏதாவது போட்டே கையில் திருப்பி வைத்தார்கள். லோரன்சு மாமா மக்ரூன் போட்டார். பெர்ப்பெத்து அக்கா கருவாடு போட்டாள். கருவாடு எதுக்குடா இந்த கேம்ல என்று திரையோரம் ஒரே சத்தம். சேந்தன் பாவம், அந்தக் கருவாட்டைக் கப்பலின் ஒவ்வொரு குழாயிலும் பொருத்திப் பார்த்தார்.

எங்கள் வீட்டு டப்பா வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு வந்து பார்த்தால், தொட்டிலுக்கு மேலே ஒரு செம்புப் பறவை தொங்கியது, வயிற்றுக்குள் சின்னதாகக் கொதிக்கிற சத்தம், ரெமி சிணுங்கும்போதெல்லாம் சிறகை அடித்து அவன் முகத்துக்கு இளஞ்சூடான காற்றை விசிறியது.

"யாரு மாமி இதை வாங்குனது?"

"நான்தான். பிள்ளைக்குன்னு வந்ததை வேண்டாம்னு சொல்லலாமா? பாரு, எப்படித் தூங்குறான்."

"டப்பா?"

"அது அடுப்படியில கெடக்கு. மத்தியானம் ஏதாவது போட்டுக் குடுத்துருவோம்."

கொடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து கை இன்னும் எதையும் எடுக்கவில்லை, எடுக்காமல் போகாது என்பது மட்டும் தெரிந்தது. பறவையைக் கழற்றக் கை வைத்தேன், ரெமி வீறிட்டான், மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை சேந்தன் கப்பலுக்குள் இருந்தார். கப்பலின் செம்புக் கேப்டன் முதல்முறையாக வாயைத் திறந்து பேசினான், எல்லாம் சரியாக இருக்கிறது, பிரதான வால்வின்மேல் பனி இறுகிவிட்டது, அதன்மேல் வைக்க அணையாத சின்னச் சூடு ஒன்று வேண்டும் என்றான். சேந்தன் விளக்கை வைத்துப் பார்த்தார், அணைந்தது. எதிர்வீட்டிலிருந்து டப்பாவில் போட்டுக் கொடுத்த தேங்காய்ச்சிரட்டைக் கரியை வைத்துப் பார்த்தார், அணைந்தது. திரும்பவும் எங்கள் தெருவுக்கு வந்தார். கை வீடு வீடாகப் போனது, எல்லா வீட்டிலும் மூடியே இருந்தது, எங்கள் ஜன்னலுக்கு வந்தது, ஆவி என் முகத்தில் அடித்தது, தொட்டிலுக்கு நேர் மேலே போய் நின்று சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக விரிந்தது.

"ஐயோ" என்றார் சேந்தன். "பிள்ளையை எடுக்கலாம் போல கிடக்கு."

திரையோரம் வெள்ளம்போல ஓடியது. எடு எடு எடு. சின்னச் சூடுன்னா குழந்தைதான், செம புதிர். அய்யோ பாவம். பாவமெல்லாம் கிடையாது லா, கேம்தானே. எவ்வளவு டார்க்கா யோசிச்சிருக்கான் பாரு. எடுங்க ப்ரோ, கப்பல் கிளம்பணும்.

"எனக்கு மனம் கேக்கேல்லை" என்றார் சேந்தன். "ஒரு ஓட்டெடுப்பு வைக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ. நாளைக்குப் பாப்பம்."

நான் எழுதினேன். அதுவரை நான் அங்கே எதையுமே எழுதியதில்லை. தயவுசெய்து எடுக்காதீர்கள், அது என் பிள்ளை என்று எழுதினேன். உடனே பதில்கள் வந்தன. ரோல்பிளே சூப்பர் அக்கா. அக்கா கேரக்டராவே மாறிட்டாங்க. கேரக்டருக்கு எப்படி நெட் கிடைச்சுது, ஹா ஹா. நத்தை மட்டும், கவலைப்படாதீங்க, இந்த மாதிரி கேம்ல எடுத்தது எதுவும் வீணாப் போகாது என்று எழுதியிருந்தார். ஆறுதலாகத்தான் எழுதியிருப்பார் போல.

கான்வென்டில் எங்களுக்குச் சிஸ்டர் பிளாசிடா சொல்லிக்கொடுத்திருந்தார், பெயர் எழுதாத பொருள் தொலைந்துபோன பொருள் என்று, அதனால் கைக்குட்டையிலிருந்து டிபன் பாக்ஸ் மூடி வரைக்கும் பெயர் எழுதியே வளர்ந்தவள் நான். அழியாத மை எடுத்து ரெமியின் சட்டையில் அவன் பெயரையும், ஜெசிந்தா கிளிட்டஸின் மகன் என்பதையும், நங்கூரத் தெரு என்பதையும் எழுதினேன். நான் எழுதுவதற்கு முன்பே பதிவாகியிருந்த காட்சியைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால், தொட்டிலுக்கு மேல் கை நிற்கும் இடத்தில் அதே எழுத்துகள் திரையில் பளிச்சென்று தெரிந்தன, அதற்குக் கீழே, ஐட்டத்துக்கு முழு அட்ரஸே போட்டிருக்கான்டா என்று சிரித்திருந்தார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன், பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று. கெபி முனையில் ஆட்டோ திரும்பியது, திரும்பியதும் பேக்கரிப் பக்கமாக எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. டிரைவர் மறுபடி திருப்பினார். மறுபடியும் லோரன்சு மாமா வெளியே வந்து கையை அசைத்தார்.

"எக்கா, நீங்க மட்டும்னா போயிரலாம்" என்றார் டிரைவர், காலையிலிருந்து இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பவர்போல. "பிள்ளையோட போக முடியாது போல. எறங்கிக்கிடுதியளா?"

தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லோரன்சு மாமா, "எங்க கைப்பிடி போச்சு, அதுக்கு எவ்வளவு அழகான சேவல் வந்துச்சு, நல்லதுதானம்மா நடக்கும்" என்றார். எத்தனை ஊரில் நம் பிள்ளையைப் பார்க்கிறார்கள் தெரியுமா என்றார்கள் எதிர்வீட்டுப் பெண்கள். மாமி பீரோவைத் திறந்து, ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார், எடுக்கும்போது நல்லபடியாகத் தெரிய வேண்டாமா என்றார், சொல்லிவிட்டு அந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கிளிட்டஸ் கூப்பிட்டார், நான் சொல்லச் சொல்ல டவர் போய்விட்டது, கடைசியாகக் கேட்டது "பறவையா? நல்லாருக்கா?" என்பது மட்டும்தான்.

ஓட்டெடுப்பில் எடு என்பதே ஏறிக்கொண்டிருந்தது.

பெர்ப்பெத்து அக்கா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். "எத்தனை ஊர்க் கண்ணு இந்தப் பச்சப்பிள்ளை மேல. எடுக்குறதோ இல்லையோ, மொதல்ல சுத்திப் போடணும்" என்று சொல்லி, வரமிளகாயை எடுத்துவைத்துக்கொண்டு, "உப்புக் கொண்டாட்டி" என்றாள். நான் ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளி அவள் கையை நோக்கி நீட்டினேன். அவள் சுட்டதுபோலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையிலயா குடுப்பா? உப்பைக் கையில குடுத்தா ஒட்டு உறவே அத்துப்போகும்னு தெரியாதா ஒனக்கு? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல என்னத்தைப் படிச்ச? கீழ வைட்டி, நான் எடுத்துக்கிடுதேன்."

நான் கீழே வைத்தேன். அவள் ரெமியைச் சுற்றிச் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய் வெடித்தது, எல்லாரும் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பு எங்கள் ஊரில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும், ஓலை போட்டு மூடியிருக்கும், பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மறுநாள் காலை ரெமிக்கு ஞானஸ்நானச் சட்டையைப் போட்டுவிட்டது மாமிதான், நான் தடுக்கவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. தொட்டில் கயிற்றிலிருந்து பறவையை அவிழ்த்தேன், அது சிறகடித்தது, ரெமி கத்தினான், கத்தட்டும் என்று விட்டேன். பறவையை டப்பாவில் வைத்தேன். வெறுமனே திருப்புவது கிடையாதே, அதனால் ஜாடியைக் கவிழ்த்து, டப்பாவின் விளிம்பு வரைக்கும் உப்பைக் கொட்டினேன், பறவையின் அலகு மட்டும் வெளியே தெரிந்தது, வயிற்றில் கொதிக்கிற சத்தம் நின்றுபோனது. வாசல்களில் எல்லாரும் நின்றார்கள், எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் எங்கள் ஜன்னல்.

"சரி" என்று என் போனிலும் அத்தனை போனிலும் சேந்தனின் குரல் ஒன்றாகக் கேட்டது. "ஓட்டு எடுக்கச் சொல்லித்தான் வந்திருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கை உள்ளே வந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததில்லை, விரல் மூட்டுகளில் சின்னச் சின்னத் திருகுகள், உள்ளங்கையில் யாரோ துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பளபளப்பு. அது விரிந்து தொட்டிலுக்கு இறங்கியபோது, நான் குறுக்கே போய், இரண்டு கையாலும் உப்பை அள்ளி அந்த உள்ளங்கையில், கீழே வைக்காமல், கையோடு கையாக வைத்து அழுத்தினேன், அதன் மேலே டப்பாவையும் வைத்தேன். வெளியே பெர்ப்பெத்து அக்கா "அடிப் பாவி" என்றது கேட்டது.

பித்தளை சூடாக இருந்தது. என் விரலில் உப்புப் பட்ட வெடிப்பெல்லாம் எரிந்தது. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து மூடிக்கொண்டது, மூடிய கையாகவே ஜன்னல் வழியாக வெளியே போனது.

"பிள்ளையைத் தரமாட்டாவாம்" என்றார் சேந்தன். "உப்புத் தந்திருக்கிறா."

உப்பா? பக் ப்ரோ, பழைய கேம்ல பக் இருக்கும். ரீஸ்டார்ட் பண்ணுங்க. இந்த அக்காவ யாராவது நகர்த்துங்கப்பா. நாங்க ஓட்டுப் போட்டது எதுக்கு? இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சேந்தன் தோல்பையைத் திறந்து உப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தொட்டிலின் மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தேன், ரெமி என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார் சேந்தன். குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நாங்கள் இஞ்ச வீட்டுப் படியில பனி இறுகினால் உப்புத்தானே போடுறனாங்கள்! இப்ப பின்னேரமும் போட்டிட்டுத்தான் வந்தனான்."

கப்பலுக்கு ஓடினார். வால்வின்மேல் உப்பைப் போட்டார். பனி முதலில் வெளுத்தது, பிறகு ஓட்டை ஓட்டையாக உள்வாங்கியது, பிறகு தண்ணீராக வழிந்தது, செம்புக் கேப்டன் தொப்பியைத் தொட்டான், புகைபோக்கியிலிருந்து வந்த ஊதல் எங்கள் துறைமுகம் வரைக்கும் கேட்டதாக அன்றைக்கு வேலைக்குப் போனவர்கள் சொன்னார்கள். திரையோரம் கைதட்டலும் இதயமுமாக நிறைந்தது. உப்புன்னு நான் முதல்லயே நினைச்சேன் என்று நத்தை எழுதினார். அந்த அக்கா மட்டும் கொஞ்சம் ஓவர் ஆக்டிங் என்றார் இன்னொருவர்.

கெபிக்கு மேலே கை இல்லை. காக்கைகள் வந்து வெறும் காற்றில் உட்காரப் பார்த்து, தடுமாறி, கம்பிக்குப் போயின.

தெரு என்னோடு பேச ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. வந்தவரிடம் உப்பைக் கையில் கொடுத்து உறவை அறுத்துவிட்டாள், இனி நம்மை யார் பார்ப்பார்கள் என்றார்கள். மீன்காரியிடம் பெர்ப்பெத்து அக்காவின் பேச்சு பழையபடி வேகமாகிவிட்டது, அதுவும் என் குற்றம்தான். மாமி ஞானஸ்நானச் சட்டையில் இருந்த மடிப்பை நீவி நீவி உள்ளே வைத்தார், அதன்பிறகு உப்பு ஜாடி காலியாக அவர் விட்டதே இல்லை.

நான் இன்னும் சேந்தனைப் பார்க்கிறேன். ஆசைக்கு இல்லை. ஒவ்வொரு கதவை அவர் திறக்கும்போதும் அந்தப் பக்கம் எந்தத் தெரு இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது வேறொரு பழைய விளையாட்டு, இதில் கைக்குப் பதிலாக நீராவியில் அசைகிற ஓர் இரும்பு இடுக்கி. இன்று காலை அவர் ஒரு சுரங்கத்தின் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் தகரக் கூரை போட்ட ஒரு லயத்து வீடு, சுற்றிலும் தேயிலை, உள்ளே கயிற்றுத் தொட்டில், தொட்டிலுக்கு மேலே புதிதாக ஒரு செம்பு மீன் தொங்கிச் சுற்றுகிறது. பக்கத்தில் தலைமுடி கலைந்த ஒரு பெண் கையில் போனோடு நின்றாள். திரையோரத்தில் ஒரு வரி வந்தது: எடுக்காதீங்க, கும்பிடுறேன், என் பிள்ள.

ரோல்பிளே சூப்பர் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இடுக்கி தொட்டிலுக்கு மேலே போய்த் திறந்தது. இந்தப் பிள்ளை எதற்கு வேண்டியிருக்கிறது என்று சேந்தனுக்கு இன்னும் தெரியவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று போய்விட்டார். பகலெல்லாம் நான் வேலை செய்தேன், துணி துவைத்தேன், ரெமிக்குச் சோறு ஊட்டினேன், அவன் இப்போது பார்க்கிறதையெல்லாம் நோக்கிக் கையை விரிக்கிறான், விசிறி, நிலா, காக்கை, என்னை நோக்கி விரித்தால் எங்கே இருந்தாலும் போய்விடுகிறேன். இப்போது அவன் தூங்குகிறான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், இது அவளுக்குச் சேர வேண்டும், திரையோரத்தில் இவ்வளவு நீளமாக எழுத விடமாட்டார்கள். அங்கே சுருக்கமாக இப்படித்தான் போட்டிருக்கிறேன்: அக்கா, மீனை அவிழ்த்து டப்பாவில் வையுங்கள், டப்பாவை வெறுமனே திருப்பாதீர்கள், உப்புப் போடுங்கள், கீழே வைக்காதீர்கள், கையோடு கொடுங்கள்.

ஹா ஹா, நங்கூரத் தெரு அக்கா திரும்ப வந்துட்டாங்க என்று நத்தை சிரித்திருக்கிறார்.

அதற்குமேல் நான் படிக்கவில்லை, அந்தத் தகரக் கூரை வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேந்தன் அணைத்துவிட்டுப் போன படம் அசையக் கூடாது. ஆனால் அந்தப் பெண் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோகிறாள், உதடு அசைய அசைய எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புகிறாள்.